கீலுக்குள் துரு

மந்தைவெளி,
18 ஜூன் 2024

அன்புள்ள நஸ்ரு ஆபாவுக்கு,

என் எண்ணை நீங்கள் பிளாக் செய்து வைத்திருக்கிறீர்கள் என்று தெரியும். அனுப்பிய மெசேஜ் எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. வீட்டுக்கு வந்து கதவைத் தட்ட தைரியம் இல்லை. ஆபீஸ் ஃபைலில் இருந்த உங்கள் ஆதார் நகலைப் பார்த்து முகவரி எடுத்தேன். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

எப்படி இருக்கிறீர்கள்? இதைக் கேட்க இவளுக்கு என்ன யோக்கியதை என்று நினைப்பீர்கள். பதினான்கு வருடம் ஒரே நர்சிங் ஹோம், உங்கள் வழக்கப்படி அக்காவை ஆபா என்று கூப்பிடப் பழகினேன். நான் ஆபரேஷன் தியேட்டரில். நீங்கள் சுவருக்கு அந்தப் பக்கம், கருவிகளைக் கழுவி, துணியில் கட்டி, ஆவியில் வைக்கிற அறையில். நடுவில் ஒரு சின்ன ஜன்னல். இப்போது அந்த ஜன்னலில் புதிதாக ஒரு பெண் நிற்கிறாள். "சீக்கிரம் வாங்குங்க சிஸ்டர்" என்கிறாள். நீங்கள் ஒருநாளும் என்னைச் சீக்கிரம் என்று சொன்னதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச்சில் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட சுப்பம்மாவை நினைவிருக்கும். நம் நர்சிங் ஹோம் தெருவில் மூன்று வீடுகளில் வேலை செய்பவர். முன்பு ஆற்றோரம் குடியிருந்து, வீட்டை இடித்த பிறகு பெரும்பாக்கம் அடுக்குமாடிக்குப் போனவர். வயிற்றில் நாலு சின்னத் துளை போட்டுச் செய்த ஆபரேஷன். நீங்கள் வேலையை விட்டுப் போன பிறகும் அவர் வந்துகொண்டுதான் இருக்கிறார். தொப்புளுக்குப் பக்கத்துத் துளை ஆறவே இல்லை. ஐந்து நாள் மாத்திரை கொடுப்போம். கொஞ்சம் காய்ந்த மாதிரி இருக்கும். மறுபடி நீர் கட்டும்.

போன வாரம் அவர் கணவர் வேலுவும் வந்தார். பெரிய டாக்டர் அவரிடம், "வீட்டை சுத்தமா வெச்சுக்கணும்ப்பா. நீங்க இருக்கிற இடம் அப்படி" என்றார். வேலு வெளியே வந்து என்னிடம்தான் கேட்டார். "இன்னா சிஸ்டர், நாங்க இன்னா குப்பமேட்லயா குந்திகினு கீறோம்?" நான் மாத்திரைச் சீட்டை நீட்டினேன்.

சுப்பம்மா மட்டும் இல்லை. மூன்று பேர் ஆகிவிட்டார்கள். எல்லாருக்கும் அதே வகை ஆபரேஷன், அதே மாதிரி ஆறாத துளை.

ஏப்ரலில் நடந்ததைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். இந்தத் தாளிலும் வரவில்லை.

உங்கள்
ப்ரியா


திருவான்மியூர்,
25 ஜூன் 2024

சிஸ்டர் ஷண்முகப்ரியா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. தலைவலி என்று நான் வீட்டில் இருந்த நாளாகப் பார்த்து வந்தது. அண்ணன் அப்துல் சமத் கையில் சிக்கியிருந்தால் கேள்வி வந்திருக்கும். வேலை போனதை நான் வீட்டில் சொல்லவில்லை. காலை ஏழரைக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டை வரை போகிறேன். திரும்பி வருகிறேன். மறுபடி போகிறேன். மந்தைவெளி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறேன். இனி எழுதுவதாக இருந்தால் எழுதுங்கள், தபால்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

யோக்கியதை பற்றி நான் எதுவும் நினைக்கவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன், நீங்கள் மறந்திருக்கலாம்.

ஜனவரி 22, பிப்ரவரி 5, பிப்ரவரி 12, பிப்ரவரி 26. இந்த நான்கு நாளும் எங்கள் அறைப் பதிவேட்டில் நான் எழுதினேன். துளை ஆபரேஷனில் திசுவைப் பிடிக்கிற நீளக் கருவியின் கீலில் கறுப்புப் புள்ளிகள், பயன்படுத்தத் தகுதியில்லை என்று எழுதி, சிவப்பு டேப் ஒட்டி ஒதுக்கி வைத்தேன். நான்கு முறையும் டேப் பிரிக்கப்பட்டுக் கருவி மறுபடி தியேட்டருக்குப் போனது. ஏப்ரலில் நோயாளிகள் புண்ணோடு வரத் தொடங்கியதும் பதிவேட்டைக் காணோம் என்றார்கள். அப்படி ஒரு புகாரை நீங்கள் பார்த்ததே இல்லை என்று 30ஆம் தேதி கையெழுத்துப் போட்டீர்கள். அன்று சாயங்காலம் என் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

நான்கு தேதியும் திங்கள்கிழமை. அது ஏன் என்று நான் எழுதப்போவதில்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்று தியேட்டரில் எல்லாரும் நம்புகிறீர்கள். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் இருக்கிறது. தோல் இருக்கிறவரைதான் அது தப்பிக்கும். காய்ந்த ரத்தம், உப்புத் தண்ணீர், ப்ளீச் எல்லாம் அந்தத் தோலைக் கடிக்கும். கடித்த இடத்திலேயே குழியாக இறங்கும். வெளியே ஊசிமுனை அளவு, உள்ளே பொந்து. முந்தின நோயாளியின் ரத்தம் அதற்குள் இருக்கும். தண்ணீரில் வரும் கிருமியும் இருக்கும். அடுத்த கேஸுக்கு நேரமில்லை என்று ஆவியில் வைக்காமல், மருந்துக் கரைசலில் இருபது நிமிடம் ஊறவைத்து லாரித் தண்ணீரில் அலசச் சொல்வீர்களே, அந்த மருந்து பொந்துக்குள் போகாது. அந்த உலோகம்தான் மனிதர் வயிற்றுக்குள் போகிறது.

என் அலமாரியில் பெரிய லென்ஸ் இருக்கும். கருவியின் வாயை முழுதாகத் திறந்து கீலைப் பாருங்கள். பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியுமானால் இருங்கள்.

நஸ்ருன்னிசா


மந்தைவெளி,
4 ஜூலை 2024

ஆபா,

பார்த்தேன்.

மதியம் தியேட்டர் காலியாக இருந்தபோது கதவைத் தாழ் போட்டுக்கொண்டு பார்த்தேன். வெறும் கண்ணுக்குப் பளபளவென்று இருக்கிறது. லென்ஸை வைத்தேன். கீலைச் சுற்றிப் புழு தின்ற மாதிரி ஓட்டைகள். ஊசிமுனையில் பஞ்சு சுற்றி உள்ளே விட்டு எடுத்தேன். பழுப்பாக வந்தது. துணியில் கட்டி, ஆவியில் வைத்து, 'சுத்தம்' என்று அன்றைய தேதி போட்ட கருவி அது.

பெரிய டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் லென்ஸைக் கையில்கூட வாங்கவில்லை. "புதுசு ஆர்டர் போட்டாச்சு ப்ரியா. வர்ற வரைக்கும் ஓடட்டும். நீ எதுக்கு இதையெல்லாம் நோண்டற?" என்றார். கருவியை வாங்கித் தன் மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார். மறுநாள் டிராயரில் அது இல்லை. இரண்டு பேருக்கு ஆபரேஷன் இருந்தது. தட்டில் எந்தக் கருவி வந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

அம்மா போன பிறகு இந்த வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் பூட்டைத் திறந்தால் திங்கள்கிழமை காலை வரை நான் வாய் திறந்து பேசுவது பால்காரரிடம் மட்டும்தான். அப்போதெல்லாம் உங்களுக்குப் போன் செய்வேன். நீங்கள் கேட்டுக்கொண்டே அரிசி பொறுக்குவீர்கள், சத்தம் கேட்கும். இப்போது வாரக்கடைசிகளில் காதுக்குள் ஒரே இரைச்சலாக இருக்கிறது.

திங்கள்கிழமை பற்றி நீங்கள் எழுதியிருந்ததை மூன்று முறை படித்தேன்.

ப்ரியா


திருவான்மியூர்,
15 ஜூலை 2024

ப்ரியா,

நேற்று நான் பெரும்பாக்கம் போனேன். சுப்பம்மாவின் முகவரி தெரியாது. பிளாக் பிளாக்காக விசாரித்தேன். மந்தைவெளியில் வேலை செய்கிற, வயிற்றில் கட்டுப் போட்டிருக்கிற அம்மா என்றதும் ஒரு பெண் ஐந்தாவது மாடிக்குக் கைகாட்டினாள். லிஃப்ட் ஓடவில்லை. அந்தப் படிகளில்தான் அவள் புண்ணோடு ஏறி இறங்குகிறாள்.

ஒற்றை அறையும் சமையல் மூலையும்தான் வீடு. உன் பெரிய டாக்டரின் ஆலோசனை அறையைவிடச் சுத்தமாக இருந்தது. தரையில் என் கால் தடம் பதிந்ததற்கு நான் வெட்கப்பட்டேன். நான் யார் என்று சொன்னேன், அங்கே கருவி கழுவினவள் என்று மட்டும். அவள் உட்காரச் சொன்னாள்.

"மூணு வூட்ல ரெண்டு வூட்ல நிக்கச் சொல்ட்டாங்கம்மா. நாத்தம் வருதாம். எனுக்கே வருது, அவங்களுக்கு வராதா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "டாக்டர் சொன்னதுலேர்ந்து ஒரு நாளிக்கு மூணு தபா தொடைக்கிறேன். நானே தனித் தட்டு வெச்சிகினு கீறேன். பொண்ணைப் பக்கத்துல படுக்க வுடறதில்ல. இன்னும் இன்னாம்மா சுத்தம் பண்ணணும்?" என்று கேட்டாள். அவள் பெண் நிலா ஏழாவது படிக்கிறாள். நாங்கள் பேசும்போது வாசலிலேயே நின்றிருந்தாள், உள்ளே வரக் கூடாது என்று யாரோ கோடு போட்ட மாதிரி.

நான் சொன்னேன், "இது ஒட்டுற நோய் இல்ல. புள்ளய பக்கத்துல படுக்க வை" என்று. அவள் நம்பவில்லை.

கட்டைப் பிரித்துப் பார்த்தேன். துளையைச் சுற்றி மூன்று முடிச்சுகள், ஊதா நிறத்தில். இன்று காலை எனக்குத் தெரிந்த ஒரு லேப் அம்மாவிடம் விவரம் கேட்டேன். தண்ணீரில் வாழும் ஒரு கிருமி இருக்கிறதாம். காசநோய்க் கிருமிக்குச் சொந்தம், ஆனால் காசநோய் இல்லை. சாதாரண பரிசோதனையை இரண்டு நாளில் முடித்துவிடுவார்கள், இது வளரவே ஒரு வாரம் பிடிக்கும். அதனால் தெரியாமலே போகும். ஐந்து நாள் மாத்திரைக்கு அடங்காது. வெட்டி எடுத்து, மாதக்கணக்கில் வேறு மருந்து கொடுக்க வேண்டும். அரசு பெரிய ஆஸ்பத்திரியில் வருகிற 29ஆம் தேதி திங்கள்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் அழைத்துப் போகிறேன்.

ஆனால் அங்கே கேட்பார்கள், எதனால் இந்தச் சந்தேகம் என்று. வேலை போன ஒருத்தி கோபத்தில் சொல்கிறாள் என்றால் யார் காதில் விழும்? தியேட்டர் சிஸ்டர் எழுதித் தர வேண்டும். கருவியின் கீல் துருப்பிடித்திருந்தது, அதை எப்படிச் சுத்தம் செய்தோம், எந்தத் தண்ணீரில் அலசினோம் என்று. கீழே உன் கையெழுத்து. மற்ற இரண்டு பேருக்கும் அதுதான் வழி.

நஸ்ருன்னிசா


மந்தைவெளி,
19 ஜூலை 2024

ஆபா,

என்னால் முடியாது. இதை எழுதினால் ஏப்ரலில் எழுதியது பொய் என்று ஆகும். என் நர்ஸ் பதிவே போய்விடும். இந்த ஒரு வேலையைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் இல்லை, உங்களுக்கே தெரியும். வாயால் யார் கேட்டாலும் சொல்கிறேன். எழுத்தில் வேண்டாம்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

ப்ரியா


திருவான்மியூர்,
22 ஜூலை 2024

ப்ரியா,

உன் கடிதத்தை ரயிலில் படித்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். கோட்டூர்புரம் தாண்டியும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். என் கணவர் கரீமுல்லா இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன். அவர் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது.

நான்கு முறை ஒதுக்கி வைத்தேன் என்று எழுதினேன் அல்லவா? ஐந்தாவது முறையும் ஒன்று உண்டு. மார்ச் 6, புதன்கிழமை. அன்று இரண்டு கேஸ். முதல் கேஸ் முடிந்து தட்டு என் ஜன்னலுக்கு வந்தது. அந்தக் கருவியும் அதில் இருந்தது. கீலில் ரத்தம் காய்ந்து பிடித்திருந்தது. புள்ளிகள் முன்னைவிட அதிகம். சிவப்பு டேப்பைக் கையில் எடுத்தேன். அதற்கு முந்தின நாள்தான் மானேஜர் கூப்பிட்டு, "நீங்க வேலைய நிறுத்தறதுக்குன்னே இருக்கீங்களாம்மா? வயசாயிடுச்சுன்னா சொல்லிடுங்க" என்று கேட்டிருந்தார். டேப்பை மேஜையில் வைத்தேன். கருவியைத் தேய்த்தேன், அலசினேன், கரைசலில் போட்டேன். இருபது நிமிடம்கூட இல்லை. பதினான்கு நிமிடத்தில் எடுத்து ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். நீ வாங்கிக்கொண்டாய்.

இரண்டாவது கேஸ் சுப்பம்மா.

ஏப்ரலில் அவர்கள் என்னைக் கவனக்குறைவு என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். நான் கத்தினேன். உன்னைத் திட்டினேன். ஆனால் படி இறங்கும்போது எனக்குத் தெரியும், அந்த ஒரு நாளைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது சரி. பதிவேடு கிடைத்தால் நான்கு நாள் என்னைக் காப்பாற்றும். ஐந்தாவது நாளை நான் பதிவேட்டில் எழுதவே இல்லை.

இதையும் சேர்த்து நானே எழுதி, கையெழுத்துப் போட்டு 29ஆம் தேதி கொடுக்கப்போகிறேன். உன் பெயரை எழுத மாட்டேன். நீ தர வேண்டாம் என்றால் வேண்டாம். கேட்டதை மறந்துவிடு.

நஸ்ரு


மந்தைவெளி,
2 ஆகஸ்ட் 2024

ஆபா,

29ஆம் தேதி நானும் வந்தேன். நீங்களும் சுப்பம்மாவும் வெளிநோயாளிகள் வரிசையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். சுப்பம்மா புடவைத் தலைப்பால் வயிற்றைப் பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் இடம் இருந்தது. நான் தூணுக்கு இந்தப் பக்கமே நின்றேன். நீங்கள் உள்ளே போனதும் வாசலில் இருந்த நர்ஸிடம் என் கவரைக் கொடுத்து, "அந்த பெரும்பாக்கம் பேஷன்ட்டோட கேஸ் ஷீட்ல வெச்சிடுங்க, டாக்டர் கட்டாயம் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதில் என்ன எழுதினேன் என்று டாக்டர் உங்களிடம் சொன்னாரா தெரியவில்லை. நானே சொல்கிறேன்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் உங்கள் அறை பூட்டியிருக்கும். கடைசிக் கேஸின் கருவிகள் என்னிடம் இருக்கும். தேய்க்க ஆள் இருக்காது. எனக்கும் நின்று நின்று கால் விட்டுப்போயிருக்கும். டிசம்பரில் ஒருநாள் ஒரு வாளியில் ப்ளீச் கரைத்து எல்லாவற்றையும் அதில் போட்டு மூடிவைத்தேன். திங்கள்கிழமை காலை நீங்கள் வருவதற்கு முன் அதைக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றி ஜன்னலில் வைத்தேன். ரத்தமெல்லாம் கரைந்து பளிச்சென்று இருந்தது. நல்ல வழியாக இருக்கிறதே என்று நினைத்தேன். அதற்குப் பிறகு வாராவாரம் அதையே செய்தேன். முப்பத்தாறு மணி நேரத்துக்கும் மேல், ஆபா. நர்சிங் பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்தார்கள், ஸ்டீலை ப்ளீச்சில் விடக் கூடாது என்று. பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன்.

உங்களுக்கு வாசனை வந்திருக்கும். அதனால்தான் திங்கள்கிழமை என்று எழுதினீர்கள். ஏன் அப்போதே கேட்கவில்லை? கேட்டிருந்தால் அழுதிருப்பேன், ஆனால் நிறுத்தியிருப்பேன். இல்லை, உங்கள்மேல் பழி போடுகிறேன் பாருங்கள், இப்போதும்.

பதிவேட்டை எடுத்தது நானில்லை. ஆனால் மானேஜர் அறையில் அது இருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பார்க்கவில்லை என்று கையெழுத்துப் போட்டேன். புகாரை விசாரித்தால் ப்ளீச் வாளி வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். நீங்கள் போனால் விஷயம் உங்களோடு போய்விடும் என்று நினைத்தேன். இவ்வளவையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு பிரதியைப் பெரிய டாக்டர் மேஜையில் வைத்தேன், இன்னொன்றைச் சுகாதார அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பெரிய டாக்டர் முழுவதும் படித்தார். "இத்தனை வருஷம் உன்னை வீட்டுப் பொண்ணு மாதிரி வெச்சிருந்தேனே" என்றார். எனக்கும் அது உறுத்தியது. அம்மாவின் கடைசி நாட்களில் வீடு தேடி வந்து பார்த்தவர் அவர். நேற்று முதல் நான் வேலையில் இல்லை.

தியேட்டரை மூடி வைத்துச் சோதனை நடக்கிறதாம். மற்ற இரண்டு நோயாளிகளையும் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்களாம்.

நீங்கள் மார்ச் 6 பற்றி எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு எழுதக் கை வந்தது. உங்களால் முடிந்ததே என்று. அதற்கு முன் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ப்ரியா


தி. நகர்,
17 நவம்பர் 2024

ஆபா,

மூன்று மாதமாகப் பதில் இல்லை. பதில் கேட்டு எழுதவில்லை, முகவரி மாறியதால் எழுதுகிறேன்.

என் நர்ஸ் பதிவு போகவில்லை. ஆறு மாதம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மந்தைவெளி வீட்டைக் காலி செய்துவிட்டேன். இங்கே பர்கிட் சாலைப் பக்கம் ஒரு வீட்டில் காமாக்ஷி மாமி என்று படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறேன். நர்ஸாக இல்லை, துணைக்கு ஆள். மாமிக்குப் பேச்சு போய்விட்டது. மகன் வெளிநாட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவார். மாமியின் முகத்துக்கு நேரே போனைப் பிடிப்பேன். அவர் என்னிடம் "தேங்க்ஸ்மா" என்பார். அந்த வாரத்தில் என்னிடம் பேசப்பட்டது அவ்வளவுதான். தீபாவளி நெரிசல் முழுவதும் ஜன்னலுக்குக் கீழே போனது. இரைச்சலுக்கு நடுவே மாமிக்குக் கஞ்சி ஊட்டினேன்.

சுப்பம்மாவுக்கு எப்படி இருக்கிறது? அதை மட்டும் ஒரு கார்டில் எழுதுங்கள். போதும்.

ப்ரியா


திருவான்மியூர்,
16 பிப்ரவரி 2025

ப்ரியாவுக்கு,

எழுதாததற்குக் காரணம் கோபம் என்று நினைத்திருப்பாய். முதலில் கோபம்தான். ப்ளீச் வாசனை வந்தது, நான் கேட்கவில்லை. கேட்டால் நீ என்று தெரிந்துவிடும் என்றுதான் கேட்கவில்லை. அந்த அறையில் எனக்கு வேறு யார் இருந்தார்கள்? இதை ஒப்புக்கொள்ள இவ்வளவு நாள் ஆனது.

ரயிலில் சுற்றுவதை ஆகஸ்டிலேயே விட்டேன். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் "தினமும் எங்க போயிட்டு வந்தே?" என்று கேட்டார். ரயிலில் என்றேன். எழுந்து போய்விட்டார். அண்ணி சொன்னாள், பின்கட்டில் நின்று அழுதாராம். இப்போது அடையாறில் ஒரு பல் மருத்துவரிடம் கருவி சுத்தம் செய்கிறேன். சின்ன அறை. சந்தேகப்பட்டதைக் குப்பையில் போட அந்த டாக்டரம்மா அனுமதி கேட்கச் சொல்வதில்லை.

சுப்பம்மாவுக்கு அந்தக் கிருமிதான். பத்தாம் நாள் ரிசல்ட் வந்தது. முடிச்சுகளை வெட்டி எடுத்தார்கள். ஆறு மாதம் மருந்து. வாந்தி, காதில் ரீங்காரம், முடி கொட்டியது. வாரம் ஒருமுறை நான்தான் கூடப் போனேன். ஜனவரி கடைசியில் டாக்டர் மருந்தை நிறுத்தினார். புண் மூடிவிட்டது. தொப்புளுக்குப் பக்கத்தில் தழும்பு பெரியது, ஒரு குழி மாதிரி. மற்ற இரண்டு பேரும் தேறி வருகிறார்கள். நிலா அம்மா பக்கத்தில் படுக்கிறாள்.

நான் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தது சுப்பம்மாவுக்குத் தெரியாது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, யாரும் படித்துச் சொல்லவில்லை. மருந்து நடக்கும்போது சொன்னால் பாதியில் விட்டுவிடுவாளோ என்று நானும் சொல்லவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன ஞாயிறு போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சுப்பம்மா, ஒனக்கு இந்தப் புண்ணு வந்துச்சே, அந்தக் கருவி கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சும் அன்னிக்கு ஜன்னல் வழியா எடுத்துக் குடுத்தது நான்தான்" என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. இன்னும் இரண்டு துணி மடித்தாள். "எப்பலேர்ந்து தெரியும் ஒனுக்கு?" என்று கேட்டாள்.

"அன்னிக்கே."

"அப்போ ஆறு மாசமா எங்கூட வந்துகினு இருந்தியே, அது எனுக்காவா, ஒனுக்காவா?"

வேலு சமையல் மூலையிலிருந்து வந்து நின்றார். அவர் கத்துவார் என்று நினைத்தேன். சுப்பம்மா அவரைக் கையால் தடுத்தாள். "என்ன அழுக்குன்னு சொன்னாங்கோ. எம் பொண்ணே எங்கிட்ட வர்றதுக்கு பயந்துச்சி. நீ பக்கத்துல குந்திகினு கேட்டுகினு இருந்த" என்றாள். பிறகு, "போயிடு. இனிமே வராத" என்றாள். குரலை உயர்த்தவில்லை. நான் ஐந்து மாடி இறங்கினேன்.

அவள் சொன்னதில் தப்பு இல்லை. உன்னை மன்னித்தேன் என்று நான் எழுதினால் அது அவள் பொருளை எடுத்து உனக்குத் தருவது மாதிரி. என்னிடம் அது இல்லை.

ஆனால் நீயும் அவளிடம் போக வேண்டும், ப்ரியா. தபாலில் அனுப்பாதே. அவளால் படிக்க முடியாது. நேரில் போய், அவளுக்குப் புரிகிற பேச்சில், வாளியிலிருந்து கையெழுத்து வரை எல்லாவற்றையும் சொல். நான் கூட வர மாட்டேன். இரண்டு பேராகப் போனால் ஒருத்தி முதுகில் இன்னொருத்தி ஒளிந்துகொள்வோம், பதினான்கு வருடம் அதைத்தான் செய்தோம். மாமியைப் பார்த்துக்கொள்ள ஒரு நாளைக்கு வேறு ஆளை ஏற்பாடு செய். ஞாயிற்றுக்கிழமையானால் அவள் வீட்டில் இருப்பாள். முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை.

அவள் உன்னையும் போகச் சொல்வாள். திரும்பும் பஸ் திருவான்மியூர் டெர்மினஸில் நிற்கும். இறங்கிக் கோயில் குளத்தைத் தாண்டி நட. பச்சை கேட், மாடியில் என் அறை. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, சாப்பிடாமல் வா.

ஆபா